மயங்கும் முன் சொன்ன சம்மதம்: கனடாவின் ஜே.ஏ. தீர்ப்பு – ஒரு விமர்சனம்

ஜே.ஏ. வழக்கு என்பது கனடா உச்ச நீதிமன்றம் 2011 மே 27 அன்று தீர்ப்பளித்த பாலியல் குற்ற வழக்காகும். ஒருவர் நினைவோடு இருக்கும்போது கொடுத்த சம்மதம், அவர் நினைவிழந்த பிறகு நடப்பதற்கும் செல்லுமா என்பதே இவ்வழக்கின் கேள்வி. ஒன்பது நீதிபதிகளில் ஆறு பேர் செல்லாது என்றனர். மூவர் மாறுபட்டனர். பி.டி.எஸ்.எம். உறவுகளில் சம்மதம் பற்றிய விவாதங்களில் இத்தீர்ப்பு இன்றும் தவறாமல் எடுத்துக்காட்டப்படுகிறது. தீர்ப்பின் முடிவை இக்கட்டுரை ஏற்கிறது. ஆனால் அது கோடு கிழித்த இடம் போதாது என்று வாதிடுகிறது.

பி.டி.எஸ்.எம். என்பது கட்டுதல், அடக்குதல், பணிதல், வலி தருதல், வலி ஏற்றல் ஆகியவற்றை வயதுவந்தவர்கள் பேசிவைத்துக்கொண்டு ஈடுபடும் பாலியல் பழக்கங்களுக்கான பொதுப்பெயர். தமிழில் இதைப் பற்றி எழுதுவோரிடம் பெரும்பாலும் இரண்டு குரல்களே கேட்கின்றன. ஒன்று கிளுகிளுப்பு, மற்றொன்று அருவருப்பு. இரண்டாலும் பொருள் விளங்குவதில்லை. அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 2013-இல் வெளியிட்ட ஐந்தாம் பதிப்புக் கையேட்டில், இத்தகைய விருப்பம் இருப்பதையும் அது நோயாவதையும் வேறுவேறாகப் பிரித்தது. 2022-இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார அமைப்பின் பதினோராம் நோய்ப்பட்டியல், இருவரும் சம்மதித்து ஈடுபடும் இப்பழக்கத்தை நோயாகக் கணக்கிடவில்லை. ஆகவே 'இது நோயா?' என்ற கேள்வி இப்போது பின்னுக்குப் போய்விட்டது. சம்மதம் எதுவரை நீளும் என்பதே இன்றைய கேள்வி.

வழக்கின் விவரம்

2007 மே மாதம் ஒட்டாவா நகரில் நடந்தது இது. சேர்ந்து வாழ்ந்த ஓர் ஆணும் பெண்ணும். இருவருக்கும் ஒரு சிறு மகன் உண்டு. சட்டம் அவர்களை ஜே.ஏ., கே.டி. என்ற எழுத்துகளால் மட்டுமே குறிக்கிறது. அந்த மாலை, கே.டி.யின் சம்மதத்தோடு ஜே.ஏ. அவர் கழுத்தை நெரித்தார். நினைவிழக்கக்கூடும் என்பது கே.டி.க்குத் தெரிந்தே இருந்தது. அவர் நினைவிழந்தார். தம் கணக்கில் மூன்று நிமிடத்துக்கும் குறைவாகவே நினைவற்றுக் கிடந்ததாகச் சொன்னார். விழித்தபோது அவர் கைகள் பின்புறம் கட்டப்பட்டிருந்தன, ஜே.ஏ. ஒரு கருவியைக் கொண்டு பாலியல் செயலில் ஈடுபட்டிருந்தார். இருவருக்கும் ஒரு பாதுகாப்புச் சொல் இருந்தது. எல்லாம் முடிந்தபின் கே.டி. அதைச் சொன்னதும் ஜே.ஏ. கட்டை அறுத்துவிட்டார்.

சுமார் இரண்டு மாதம் கழித்து கே.டி. காவல்துறையில் புகார் செய்தார். விசாரணை வந்தபோது அதைத் திரும்பப் பெற்றார். மகனை ஜே.ஏ. தன்னிடமிருந்து பிரித்துக்கொள்வதாக மிரட்டியதால் புகார் கொடுத்தேன், உண்மையில் எனக்குச் சம்மதம்தான் என்றார். விசாரணை நீதிபதி ஜே.ஏ.யைக் குற்றவாளி என்றார். ஒண்டாரியோ மேல்முறையீட்டு நீதிமன்றம் 2010-இல் பெரும்பான்மையாக அதை மாற்றியது. உச்ச நீதிமன்றம் மீண்டும் குற்றத் தீர்ப்பை நிலைநிறுத்தியது.

இந்த விவரங்களைச் சற்று நீட்டிச் சொன்னதற்குக் காரணம் உண்டு. தீர்ப்பைப் பற்றிய கட்டுரைகளில் பல, கழுத்தை நெரித்த கதையைச் சொல்கின்றன. பாதுகாப்புச் சொல்லை விட்டுவிடுகின்றன. அந்தச் சொல் அன்று வேலை செய்தது. ஆனால் எப்போது? கே.டி. வாய்திறக்கக்கூடிய நிலைக்குத் திரும்பிய பிறகு. அது தேவைப்பட்டிருக்கக்கூடிய சில நிமிடங்களில் அது யாருக்கும் பயன்படாத சொல்லாக இருந்தது.

பெரும்பான்மையின் வாதம்

தலைமை நீதிபதி பெவர்லி மக்லாக்லின் பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதினார். அவருடைய வழி நேரானது. கனடாவின் குற்றவியல் சட்டம் சம்மதத்தை, குறிப்பிட்ட அந்தப் பாலியல் செயலில் ஈடுபட ஒருவர் தாமாக முன்வந்து தரும் உடன்பாடு என்று வரையறுக்கிறது. சம்மதித்தவர் இடையில் எப்போது வேண்டுமானாலும் அதைத் திரும்பப் பெறலாம் என்றும் சொல்கிறது. திரும்பப் பெறும் உரிமை பொருளுள்ளதாக இருக்கவேண்டும் என்றால், செயல் நடக்கும் நேரம் முழுவதும் விழிப்பும் இயக்கமும் உள்ள மனம் வேண்டும். நினைவிழந்தவரிடம் அது இல்லை. எனவே முன்கூட்டிய சம்மதம் என்பது சட்டத்தில் இல்லை.

இதற்கு அடித்தளம் போட்டது 1999-இல் வந்த யூவன்சக் வழக்கின் தீர்ப்பு. நடத்தையிலிருந்து ஊகித்துக்கொள்ளும் சம்மதம் கனடாவில் எதிர்வாதமாகாது என்று அது அறிவித்தது. 'மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி' என்று நாம் பழமொழியாகச் சொல்லி வருகிறோம். பெண் பார்க்கும் கூடத்தில் தலைகுனிந்து நின்ற எத்தனையோ பெண்களின் மௌனத்தை இந்த ஒரு வரியால் சம்மதமாக எழுதிக்கொண்டது நம் ஊர். யூவன்சக் தீர்ப்பு அந்தப் பழமொழிக்கு நேர் எதிரானது. நம் சட்டமும் 2013 திருத்தத்தில் அந்தத் திசைக்கு வந்தது. பெண் சொல்லாலோ சைகையாலோ ஐயமின்றித் தெரிவிக்கும் உடன்பாடே சம்மதம் என்றும், உடலால் எதிர்க்கவில்லை என்பது மட்டுமே சம்மதமாகிவிடாது என்றும் வன்புணர்வுப் பிரிவில் அப்போது சேர்க்கப்பட்டது. பாரதிய நியாய சன்ஹிதையின் 63-ஆம் பிரிவில் இன்றும் அது உள்ளது.

மாறுபட்டவர்கள்

நீதிபதி மோரிஸ் ஃபிஷ் எழுதிய மாறுபட்ட தீர்ப்பில் பின்னியும் லெபெலும் சேர்ந்தனர். வயதுவந்த ஒரு பெண் விழிப்போடு, தெரிந்து, விரும்பிக் கொடுத்த வார்த்தையை நீதிமன்றம் ஏன் மதிக்கக் கூடாது என்பது அவர்கள் கேள்வி. பெண்ணைக் காப்பதாகச் சொல்லிக்கொண்டு அவள் தேர்வைப் பறிப்பதாக இது முடியும் என்றனர். பெரும்பான்மையின் கணக்குப்படி, தூங்கும் துணையை முத்தமிட்டு எழுப்புகிறவரும் குற்றவாளியாகிவிடுவார் என்றும் எச்சரித்தனர். மக்லாக்லின் இதற்குத் தந்த விடை சுருக்கமானது: நாடாளுமன்றம் எழுதிய வரையறை விதிவிலக்குத் தரவில்லை, வேண்டுமென்றால் நாடாளுமன்றமே திருத்தட்டும்.

அன்றைய அமர்வில் இருந்த நான்கு பெண் நீதிபதிகளும் பெரும்பான்மைப் பக்கம் நின்றனர். பெண்ணின் பாலியல் சுதந்திரத்துக்காக மாறுபட்ட மூவரும் ஆண்கள். இதை ஒரு வாதமாக வைக்க நான் விரும்பவில்லை. ஆனாலும் கவனிக்காமல் போகவும் முடியவில்லை.

ஃபிஷ்ஷின் வாதத்தில் வலு உண்டு. அறுவை சிகிச்சையை எடுத்துக்கொள்வோம். மயக்க மருந்து கொடுக்கும் முன் கையெழுத்திடுகிறோம். பிறகு நம் உடலில் நடப்பது எதையும் நாம் அறிவதில்லை. அங்கே முன்கூட்டிய சம்மதம் செல்லும்போது இங்கே ஏன் செல்லாது? பெரும்பான்மை இதற்கு, அறுவை சிகிச்சைக்குக் குற்றவியல் சட்டத்திலேயே தனிப் பாதுகாப்பு உண்டு என்று பதில் சொன்னது. சட்டப்படி அது சரியான பதில். ஆனால் மனத்துக்கு அது போதவில்லை. சட்டம் ஏன் அங்கு மட்டும் பாதுகாப்புத் தந்தது என்ற கேள்வி மீந்து நிற்கிறது. என் விடை இது. அறுவை அரங்கில் குறைந்தது நான்கு பேர் இருக்கிறார்கள். என்ன செய்யப்போகிறோம் என்பது தாளில் இருக்கிறது. செய்தது என்ன என்பதும் எழுதப்படுகிறது. நோயாளி மயங்கியிருக்கும்போது மூச்சையும் நாடியையும் பார்ப்பதையே வேலையாகக் கொண்ட ஒருவர் தலைமாட்டில் நிற்கிறார். கத்தி அவர் கையில் இல்லை. படுக்கையறையில் இந்த எல்லா வேலையையும் ஒரே ஆள் செய்கிறார். செய்பவரும் அவரே, காவலும் அவரே, பிறகு சாட்சியும் அவரே. கே.டி. விழித்தபோது, அந்த நிமிடங்களில் என்ன நடந்தது என்பதற்கு ஜே.ஏ.யின் சொல்லைத் தவிர அவரிடம் வேறொன்றும் இல்லை. பேசியதற்கு மேல் நடந்திருந்தாலும் அவரால் அறிய முடியாது. முன்கூட்டிய சம்மதத்தை ஏற்பதில் உள்ள ஆபத்து இதுதான். இதை பெரும்பான்மை இன்னும் விரித்து எழுதியிருந்தால், தீர்ப்பு சட்ட வரையறையை மட்டும் ஊன்றி நிற்க வேண்டியிருந்திருக்காது.

விழிப்புக்கும் மயக்கத்துக்கும் நடுவே

தீர்ப்பின் பெரிய குறை வேறிடத்தில் இருக்கிறது. நினைவு உண்டு, நினைவு இல்லை என்று இரண்டே அறைகளாக மனத்தை அது பிரித்தது. இப்பழக்கத்தில் உள்ளவர்கள் பேசுவதெல்லாம் இவ்விரண்டுக்கும் நடுவிலுள்ள நடையைப் பற்றித்தான். வலியை ஏற்பவர், பணிபவர் சில நேரம் ஒருவகை மிதப்பு நிலைக்குப் போகிறார். அதைச் 'சப்ஸ்பேஸ்' என்கிறார்கள். நேரம் போவது தெரியாது. வலி வலியாகத் தெரியாது. பேச்சு குறையும், கேட்டதற்கெல்லாம் 'சரி' என்று வரும். கண் திறந்திருக்கும். மக்லாக்லினின் அளவுகோலால் அளந்தால் இவர் விழிப்போடு இருப்பவர்தான்.

இது வெறும் கதையில்லை என்பதற்குச் சில ஆய்வுகள் உண்டு, சிறியவையே ஆனாலும். பிராட் சாகரின் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடன் பணிபுரிந்தவர்களும் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், கட்டப்பட்டவர்கள், ஆணையை ஏற்றவர்கள் ஆகியோரின் உமிழ்நீரில் கார்டிசால் என்ற அழுத்த ஹார்மோன் கூடியது தெரிந்தது. செய்தவர்களிடம் அப்படிக் கூடவில்லை. அதே குழு 2017-இல், 14 பேரைக் குலுக்கல் முறையில் செய்பவர், ஏற்பவர் என்று பிரித்து, ஸ்ட்ரூப் சோதனையைக் கொடுத்தது. 'சிவப்பு' என்ற சொல்லை நீல மையில் எழுதிக்காட்டி, மையின் நிறத்தைச் சொல்லச் சொல்லும் சோதனை அது. வாய்க்கு முதலில் வருவதை அடக்கி, சரியானதைச் சொல்லும் திறனை அது அளக்கிறது. ஏற்பவர்களிடம் அந்தத் திறன் குறைந்தது. மூளையின் முன்பகுதி சற்றுநேரம் ஓய்ந்துபோவதாக ஆர்ன் டீட்ரிச் 2003-இல் முன்வைத்த கருத்தோடு இது பொருந்துவதாக ஆய்வாளர்கள் கருதினர். 14 பேரை வைத்துப் பெரிய முடிவு எதுவும் சொல்ல முடியாது. ஆய்வின் தலைப்பே அதைத் தொடக்கநிலை ஆய்வு என்றுதான் சொல்கிறது. ஆனால் அளக்கப்பட்டது எது என்று பாருங்கள். வாயில் வரும் முதல் சொல்லை நிறுத்தும் திறன். 'வேண்டாம்' என்று சொல்லத் தேவையான திறனுக்கு அது மிக அருகில் இருக்கிறது.

வகுப்பறையில் முப்பது ஆண்டு நின்றவர்களுக்கு இதில் பாதி முன்பே தெரியும். பாடம் முடித்து 'புரிந்ததா?' என்றால் வகுப்பே 'புரிந்தது டீச்சர்' என்று பாடும். அதில் பொய் இல்லை. கேள்வி கேட்ட குரலுக்குப் பழகிய பதில் அது. புரியாதவனைக் கண்டுபிடிக்க வேண்டுமென்றால் ஆமாம் என்று சொல்லித் தப்ப முடியாத கேள்வியைக் கேட்கவேண்டும். சப்ஸ்பேஸில் இருப்பவரிடம் 'இன்னும் வேண்டுமா?' என்று கேட்டுப் பெறும் 'ம்' என்பதும் ஏறத்தாழ அந்தப் 'புரிந்தது டீச்சர்'தான்.

பழக்கத்தில் உள்ளவர்கள் வைத்த விதி

இந்த இடத்தில் நீதிமன்றத்தைவிடப் பழக்கத்தில் உள்ளவர்களே தெளிவாகச் சிந்தித்திருக்கிறார்கள் என்று சொல்லத் தோன்றுகிறது. அவர்களிடம் பரவலாக உள்ள ஒரு விதி: தொடங்கியபின் புதியது எதையும் சேர்க்கக் கூடாது. பேச்செல்லாம் தொடங்கும் முன், இருவரும் தெளிவாக இருக்கும்போது. இடையில் ஏற்பவரே 'இன்னும் கொஞ்சம், இதையும் செய்' என்று கெஞ்சினாலும் செய்யக் கூடாது. குறைக்கலாம், நிறுத்தலாம், கூட்டக் கூடாது. பச்சை, மஞ்சள், சிவப்பு என்று போக்குவரத்து விளக்கின் சொற்களை வைத்துக்கொள்வதும், வாய் கட்டப்பட்டிருந்தால் கையில் பிடித்திருக்கும் பொருளைக் கீழே போடுவது நிறுத்தச் சைகை என்று பேசிக்கொள்வதும் வழக்கம். பொருளைப் போடும் வழியில் ஓர் அழகு உண்டு: கை தளர்ந்தாலும் பொருள் விழும். செய்தி சொல்ல முயற்சி தேவையில்லை.

இந்த விதி முன்கூட்டிய சம்மதத்தை முழுதாக மறுக்கவில்லை. ஃபிஷ் கேட்டதை அது பாதி தருகிறது: தெளிவாக இருந்தபோது சொன்ன வார்த்தைக்கே எடை. மக்லாக்லின் கேட்டதையும் பாதி தருகிறது: நிறுத்தும் வழி எந்நேரமும் திறந்திருக்கவேண்டும். அது அடியோடு மறுப்பது, மாறிய மனநிலையில் பிறக்கும் புதிய சம்மதத்தை. சட்டம் முன்பு சொன்ன 'ஆம்' மேல் ஐயப்பட்டது. இவர்கள் இப்போது சொல்லும் 'ஆம்' மேல் ஐயப்படுகிறார்கள்.

இவ்விதியிலும் ஓட்டை உண்டு. அதை அவர்கள் அதிகம் பேசுவதில்லை. எல்லாமே செய்பவரின் தெளிவை நம்பி நிற்கிறது. மேலே சொன்ன 2017 ஆய்விலேயே, செய்பவர்களும் ஒரு மனநிலைக்குள் போனது தெரிந்தது. உளவியலாளர் சிக்சென்ட்மிகாயி 'ஃப்ளோ' என்று பெயரிட்ட, செயலில் தன்னை மறக்கும் நிலை அது. சதுரங்கம் ஆடுபவரும் மலையேறுபவரும் அதை அறிவார்கள். தன்னை மறந்து ஆடுபவர் நன்றாக ஆடலாம். ஆனால் எதிரில் இருப்பவரின் கை தளர்வதைப் பார்க்கவேண்டிய ஒரே ஆளும் அவர்தான் என்றால்? ஒருவர் மிதப்பில், மற்றவர் மும்முரத்தில். சம்மதத்தைக் காவல் காக்க அந்த அறையில் முழுத் தெளிவோடு யாரும் இல்லாமல் போகலாம். ஏற்பவரின் மனநிலையைப் பற்றி இவ்வளவு எழுதப்படும்போது செய்பவரின் மனநிலையைப் பற்றி இவ்வளவு குறைவாக எழுதப்படுவது எனக்கு வியப்பாக இருக்கிறது.

நான்காவது நிபந்தனை

கனடா உச்ச நீதிமன்றம் 2021-இல் ஜி.எஃப். வழக்கில், சம்மதிக்கும் ஆற்றல் என்றால் என்ன என்பதை நான்காக விளக்கியது. நடக்கும் உடற்செயல் எது, அது பாலியல் தன்மையுடையது, எதிரில் இருப்பவர் யார், மறுக்கும் உரிமை தமக்கு உண்டு ஆகிய நான்கையும் ஒருவர் புரிந்துகொள்ள முடியவேண்டும். ஜே.ஏ. தீர்ப்பின் இரண்டு அறைகளைவிட இது மிகவும் நுட்பமான கருவி. சப்ஸ்பேஸில் இருப்பவருக்கு முதல் மூன்றிலும் குழப்பம் இராது. நான்காவதுதான் சிக்கல். மறுக்கலாம் என்பது அவருக்குத் தெரியும், கேட்டால் சொல்வார். ஆனால் மறுக்கும் எண்ணமே எழாத நிலை அது. சட்டம் கேட்பது புரிதலை. இங்கே தேய்ந்துபோவது அந்தப் புரிதலைச் செயலாக்கும் திறன். இந்த வேறுபாட்டை ஜி.எஃப். தீர்ப்பும் தொடவில்லை, அவ்வழக்கில் அதற்குத் தேவையும் எழவில்லை.

நம் சட்டத்தில் பழைய தண்டனைச் சட்டத்தின் 90-ஆம் பிரிவு, இப்போது பாரதிய நியாய சன்ஹிதையின் 28-ஆம் பிரிவு, மனநலக் குறைவாலோ போதையாலோ தன்மையையும் விளைவையும் அறிய முடியாதவர் தரும் சம்மதத்தைச் சம்மதமாக ஏற்பதில்லை. மதுவும் மருந்தும் இதில் அடங்கும். உடல் தானே சுரந்துகொள்ளும் மிதப்பைப் போதை என்று எந்த நீதிபதியும் எளிதில் எழுதமாட்டார்.

நீதிமன்றம் தொடாத கழுத்து

இங்கிலாந்தின் பிரபுக்கள் அவை 1993-இல் பிரவுன் வழக்கில் மூவருக்கு இருவர் என்ற கணக்கில், சம்மதத்தோடு நடந்த காயப்படுத்தலும் குற்றமே என்று தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு எவ்வளவு காயம் என்று மட்டும் கேட்டது. எந்த மனநிலையில் சம்மதம் என்று கேட்கவில்லை. ஜே.ஏ. தீர்ப்பு அதற்கு மறுமுனையில் நின்றது. மனநிலையை மட்டும் கேட்டது, காயத்தைக் கேட்கவில்லை. கழுத்தை நெரித்து நினைவிழக்கச் செய்வதே உடலுக்குத் தீங்கு, அதற்குச் சம்மதிக்க முடியாது என்ற வாதத்தை அரசுத் தரப்பு காலந்தாழ்த்தி எழுப்பியதால், உச்ச நீதிமன்றம் அதை முடிவு செய்யாமலே விட்டது.

வழக்கிலேயே கனமான பகுதி அதுதான் என்பேன். கழுத்தின் இருபுற இரத்தக்குழாய்களும் அழுத்தப்பட்டால் மூளைக்கு இரத்தம் குறைந்து ஏறத்தாழ பத்தே நொடியில் நினைவு போகும். எவ்வளவு அழுத்தினால் மயக்கம், எவ்வளவு அழுத்தினால் மரணம் என்பதற்கு நடுவே கையால் உணரக்கூடிய அளவுகோல் கிடையாது. இங்கே மாறிய மனநிலை என்பது ஆக்ஸிஜன் இல்லாத மூளை. மிதப்பு நிலையையும் இதையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுவது இப்பழக்கத்தை ஆதரிப்பவர்களும் எதிர்ப்பவர்களும் சேர்ந்தே செய்யும் பிழை. முன்னதில் சம்மதம் மங்குகிறது. பின்னதில் சம்மதிக்கவேண்டிய ஆளே இல்லாமல் போகலாம்.

கனடா நாடாளுமன்றம் 2018-இல் ஜே.ஏ. தீர்ப்பைச் சட்டத்தில் எழுதிச் சேர்த்தது: சம்மதம் செயல் நடக்கும் நேரத்தில் இருக்கவேண்டும், நினைவிழந்தவரிடம் சம்மதம் இல்லை. 2019-இல் கழுத்தை நெரித்துத் தாக்குவது கடுமையான தாக்குதல் வகையில் வெளிப்படையாகச் சேர்க்கப்பட்டது. இங்கிலாந்தில் 2021-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம், உயிர்போகாத கழுத்து நெரிப்பைத் தனிக் குற்றமாக்கியது; 2022 ஜூனில் அது நடைமுறைக்கு வந்தது. அங்கே கடுமையான தீங்கு நேராதவரை சம்மதம் இன்றும் எதிர்வாதமாக நிற்கிறது. அந்தச் சம்மதம் எந்த நொடியில் இருந்திருக்கவேண்டும், கையை வைத்தபோதா, நினைவு மங்கத் தொடங்கியபோதா என்பதை அச்சட்டம் சொல்லவில்லை.